நாச்சிமுத்து ரயிலுக்குப் பேசிய கதை

"ஏம்ப்பா மணியா, உன்ற தறியில நெய்யற சேல சேலத்துக்குப் போய்ச் சேர்றதுக்கு ஊரே வரி கட்டி ரயிலு உடோணுமா?"

"அப்ப உங்க லாரி ஓடற ரோட்ட மட்டும் உங்க பாட்டனாருங்களா போட்டு வெச்சாரு? அதுவும் எங்க வரிப்பணந்தானுங்களே!"

"பாட்டன இழுக்காத! ரோட்டுல எல்லாரும் போறாங்க. மாடு போகுது, ஆடு போகுது. ரயில் ரோட்டுல ஆடு போகுமா?"

"போனா கறிதானுங்க!"

கோயில் கமிட்டி ஆபீஸுக்குள் சிரிப்பு வெடித்தது. வெளியே ஜன்னலோரம் நின்றிருந்த நாச்சிமுத்து சிரிக்கவில்லை. ஊரே தன் முதலாளியைப் பார்த்துச் சிரித்தபோது தான் மட்டும் சிரிக்காமல் நின்றதை முதலாளி கவனித்தாரா என்று எட்டிப் பார்த்தார். கவனித்த மாதிரி தெரியவில்லை.

முதலாளி வெங்கடாசலத்துக்குப் பன்னிரண்டு லாரிகள். அவருடைய லாரி ஆபீஸில் நாச்சிமுத்துவுக்குப் பதினெட்டு வருடமாகப் புக்கிங் கிளார்க் வேலை. எதிரே மல்லுக்கு நின்ற மணியன் நாலு தறி போட்டிருக்கும் நெசவுக்காரர். சண்டை நடந்தது 1983 வைகாசியில். ஊர், ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கும் கல்லாங்காட்டுப்புதூர்.

சண்டைக்குக் காரணம் ஒரு ரயில். அதுவும் இன்னும் வராத ரயில். சேலம் டவுனுக்குள் செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றிச் சின்ன ரயில் ஒன்று விடப்போவதாகப் பேச்சு. பெரிய ரயில் மாதிரி இல்லாமல், ரோட்டோரமாகக் கரண்டில் ஓடுமாம். டவுன் பஸ் போல அங்கங்கே நின்று ஆள் ஏற்றுமாம். அதை அப்படியே ராசிபுரம் வழியாக நாமக்கல் வரை நீட்டலாமா, அதற்காக வீட்டுக்கு வீடு கூடுதல் வரி கட்ட ஊர்க்காரர்கள் சம்மதிப்பார்களா என்று மேலே இருந்து கேட்டு ஒரு கடிதம் வந்திருந்தது. சம்மதம் என்றால் ஊர் தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும்.

வெங்கடாசலத்துக்கு இரண்டு பக்கமும் நாமக்கல்லிலிருந்து வந்த லாரி முதலாளிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! ரயிலு வேணும்னு எவன் சொன்னாலும் சரி, அவன் நாளப்பின்ன என்ற ஆபீசுப் படி ஏறப்படாது!"

நாமக்கல்காரர்கள் இருவரும் "அப்படிச் சொல்லுங்க" என்று தலையாட்டினார்கள்.

ரிட்டயரான ஹெட்மாஸ்டர் செங்கோட்டையன்தான் சமாதானம் செய்தார். "எதுக்குங்க வீண் சண்டை? மாரியம்மன் நோம்பித் திருவிழாவுல மூணாம் நாள் பட்டிமன்றம் போடறது வழக்கந்தானே? 'வரிப்பணத்துல ரயில் வேண்டுமா, வேண்டாமா'ன்னு தலைப்பு வெச்சுக்கலாம். எந்தக் கட்சி ஜெயிக்குதோ அதுதான் தீர்மானம். என்ன சொல்றீங்க?"

எல்லாரும் சரி என்றார்கள். யார் பேசுவது என்பதில் குழப்பமே இல்லை. அந்த ஊரில் மேடையேறினால் இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் மணியன், இன்னொருவர் நாச்சிமுத்து. நாலு வருடமாக அவர்கள்தான் மாறி மாறி ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

யாருக்கு எந்தக் கட்சி என்பதில்தான் ஒரு முறை இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு "இந்தக் கட்சி எனக்கு, அந்தக் கட்சி உனக்கு" என்று மேடையிலேயே தகராறு வந்து இருவரும் ஒருவர் துண்டை ஒருவர் பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டார்கள். அதிலிருந்து மாரியம்மனிடம் பூ வாக்குக் கேட்டுத்தான் கட்சி பிரிப்பது. நிலம் வாங்குவதா, பெண் கொடுப்பதா என்று முடிவுக்கு வர முடியாதபோது அந்தப் பக்கத்தில் செய்வதுதான். வெள்ளை அரளி ஒரு இலையில், செவ்வரளி ஒரு இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூ அம்மன் உத்தரவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வெள்ளை என்றால் நாச்சிமுத்து ரயில் வேண்டும் என்று பேச வேண்டும். சிவப்பு என்றால் வேண்டாம் என்று பேச வேண்டும்.

பூசாரி வேலுமணி இலையைப் பிரித்தார். வெள்ளை.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" என்று வேலுமணி கூவினார். மணி அடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

நாச்சிமுத்து திரும்பி முதலாளியைப் பார்த்தார். முதலாளி கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி முத்தாயம்மாள் அரைத்துக்கொண்டிருந்த ஆட்டுக்கல்லை நிறுத்தினாள்.

"ஏனுங்க, உங்களுக்கு வேற பூவே வல்லையா?"

"பூவ நானா புள்ள எடுத்தேன்? பக்கத்து ஊட்டுப் பூவாத்தா பேத்திதான் எடுத்துச்சு."

"செவ்வாப்பேட்டை ஆபீசுக்கு உங்களத்தான் மேனேஜராப் போடறேன், நோம்பி முடிஞ்சதும் சொல்றேன்னு முதலாளி சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"அது கெடச்சாத்தான் நாம சேலத்துக்குக் குடி போக முடியும். குடி போனாத்தான் நம்ம சாரதாமணி காலேஜுக்குப் போக முடியும். ஆஸ்டல்ல எல்லாம் நான் உட மாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் மேடையேறி ரயிலு வேணும்னு பேசப் போறீங்களாக்கும்? அவரு படி ஏறப்படாதுன்னுட்டாராமா! மேனேஜரு வேல போயி கிளார்க்கு வேலையும் போச்சுன்னா?"

உள்ளே மகள் சாரதாமணி காலேஜ் சீட்டுக் கிடைத்த கார்டை ஐந்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து அவள் பக்கம் பார்க்காமல் வெளியே கிளம்பினார்.

நேராக மணியன் வீட்டுக்குப் போனார். மணியன் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நெய்யாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் நாச்சிமுத்துவின் முகத்தைவிட மோசமாக இருந்தது.

"வாங்கண்ணா. நானே வரலாம்னு இருந்தேன். ரயிலு வேண்டாம்னு நான் எப்படிண்ணா பேசறது? ஒரு பாவு நூல் வாங்க சேலம் போய் வந்தா ஒரு நாள் பொழப்புப் போகுது. எங்க தெருவுல அத்தன பேரும் ரயில நம்பி இருக்கறாங்க. வேண்டாம்னு பேசி நான் ஜெயிச்சுட்டா என்னத் தறியிலயே சுத்திப்போடுவாங்க."

"அப்பறம் என்ன? மாத்திக்குவம் வா. நீ என்ற கட்சி, நான் உன்ற கட்சி."

"ஆத்தா உத்தரவாச்சுங்களே?"

"ஆத்தாகிட்டயே கேப்போம்."

இருவரும் பூசாரி வேலுமணியிடம் போனார்கள். இன்னொரு தடவை பூ வைத்துப் பார்க்க முடியுமா என்று நாச்சிமுத்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். வேலுமணிக்குக் குரலைத் தாழ்த்திப் பழக்கமில்லை.

"என்னது! ஆத்தா சொன்னது புடிக்கலீன்னு மறுக்காக் கேக்கறதா? ஏனுங்க நாச்சிமுத்து, மூணு வருசமா மழயில்லாததுக்குக் காரணம் இப்பத்தானே தெரியுது!"

கோயிலில் நோம்பிக்கு நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வந்திருந்த நாற்பது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் அம்மன் வாக்கையே மாற்றப் பார்த்தார் நாச்சிமுத்து என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மணியனும்தான் கூடப் போனார். ஆனால் கதையில் மணியன் பெயர் வரவில்லை.

மறுநாள் காலை முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, ஆத்தா உத்தரவ மாத்தப் பாத்தியாமா?"

"இல்லீங்க முதலாளி... உங்களுக்காகத்தானுங்க. ரயிலு வேணும்னு எப்படிங்க நானு..."

"எனக்காகவா?" முதலாளி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எனக்காக ஆத்தாள எதுத்துக்காத. உத்தரவுன்னா உத்தரவு. நல்லாப் பேசோணும். அரகொறயாப் பேசிப்போட்டு எறங்கினீன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். நான் முன் வரிசையிலதான் உக்காந்து கேக்கறேன்."

நாச்சிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. "நல்லாப் பேசு" என்று முதலாளி இப்படிச் சொன்ன தொனியில்தான் போன வருடம் ஒரு டிரைவரிடம் "நல்லா ஓட்டு" என்றார். அந்த டிரைவர் இப்போது எங்கே ஓட்டுகிறார் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த யோசனை தொண்டை. தொண்டை கட்டிவிட்டால் பேச முடியாது. பேச முடியாதவரை அம்மனும் குற்றம் சொல்ல மாட்டாள், முதலாளியும் சொல்ல மாட்டார். நாச்சிமுத்து நாமக்கல் போய் ஏழு குச்சி ஐஸ் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து முந்தின நாள் தயிரைக் குளிரக் குளிரக் குடித்தார். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வாசல் கட்டிலில் காற்றில் படுத்தார். காலையில் எழுந்து "முத்தாயி" என்று கூப்பிட்டால் பழைய தகர டப்பாவை இழுப்பதுபோலச் சத்தம் வந்தது. அவருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம் இருந்தது. செய்தி கேட்டுத் தெருவே வீட்டுக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு கஷாயம். சுக்கு, மிளகு, ஆடாதொடை, பனங்கற்கண்டு. "ஆத்தா வாக்கு முடங்கப்படாது சாமி" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் நாச்சிமுத்துவுக்குத் தொண்டை இல்லையே!

மத்தியானம் முதலாளியின் லாரி வாசலில் வந்து நின்றது. டிரைவர் ஒரு பெரிய பெட்டியை இறக்கினார்.

"முதலாளி சேலத்துல இருந்து வரவெச்சாருங்க. புது மைக்கு செட்டு. தொண்டை சரியில்லீன்னா நீங்க மெதுவாப் பேசினாலே போதுமாம். எட்டுக் குழாய் கட்டச் சொல்லியிருக்கறாரு. பக்கத்து ஊரு வரைக்கும் கேக்கோணுமாமா."

"எட்டா?" என்றார் நாச்சிமுத்து. கஷாயம் வேலை செய்திருந்தது. குரல் கணீரென்று வந்தது.

அன்று சாயங்காலம் மணியன் வந்தார்.

"அண்ணா, ஒரே வழிதான் இருக்குது. தோத்துப்போடோணும். நீங்க ரயிலுக்கு ஆதரவா அப்படியொரு மோசமாப் பேசுங்க, கேக்கறவனுக்கு ரயிலே வெறுத்துப் போகோணும்."

"அப்ப நீ?"

"நானும் அதே மாதிரிதாங்கண்ணா. வேண்டாம்னு மோசமாப் பேசித் தோத்துப்போடறேன்."

நாச்சிமுத்து கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏம்ப்பா, ஒரு பட்டிமன்றத்துல ரெண்டு பேரும் எப்படித் தோக்கறது?"

மணியனும் யோசித்தார். "ரெண்டு பேரும் ஜெயிச்சாங்கன்னு சொல்லிக் கேட்டிருக்கேன். ரெண்டு பேரும் தோத்தாங்கன்னு கேட்டதில்லீங்க."

"சரி, யாரு மொதல்ல தோக்கறமுன்னு பாக்கலாம்" என்று சொல்லிப் பிரிந்தார்கள்.

நோம்பியின் மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே கோயில் மைதானம் நிறைந்துவிட்டது. முன் வரிசை நடுவில் வெங்கடாசலம். அவருக்கு இரண்டு பக்கமும் அதே நாமக்கல் லாரி முதலாளிகள். எட்டுக் குழாயும் எட்டுத் திசையில் வாயைத் திறந்துகொண்டிருந்தன.

ஹெட்மாஸ்டர் செங்கோட்டையன் நடுவராக உட்கார்ந்து மணி அடித்தார். நாச்சிமுத்து எழுந்தார். அம்மனை ஒரு தடவையும் முதலாளியை இரண்டு தடவையும் கும்பிட்டார். பிறகு, ஆம்பிளைகள் எல்லாரும் ரயிலை வெறுக்கும்படியாக ஒன்றை எடுத்து விட்டார்.

"ரயிலு வந்தா சேலம் போக முக்கால் மணி நேரந்தானுங்க. சேலத்துல இருந்து இங்க வரவும் அதே முக்கால் மணி நேரந்தான்! அதனால என்ன ஆகும்? உங்க மாமியா காலைல ஒருக்கா வருவாங்க, சாயங்காலம் ஒருக்கா வருவாங்க. வாரத்துக்கு ஏழு நாளும் வருவாங்க!"

ஆண்கள் முகம் சுளித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து படபடவென்று கைத்தட்டல். ஆண்களின் மாமியார் என்றால் பெண்களுக்கு அம்மா என்பது நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்கம்மா வரட்டும், என்ன இப்ப?" என்று ஒரு குரல் கேட்டது. அது முத்தாயம்மாளின் குரல் மாதிரியே இருந்தது.

நாச்சிமுத்து அவசரமாக அடுத்ததுக்குத் தாவினார். "அதுவும் கரண்டு ரயிலுங்க! நம்மூருல கரண்டு எத்தன மணி நேரம் இருக்குது? ராசிபுரம் தாண்டி வந்ததும் கரண்டு போயிரும். ரயிலு கடலச்செடிக் காட்டுல நின்னுரும். எறங்கித் தள்ளோணும்!"

சிரித்துக்கொண்டே ஒரு விவசாயி எழுந்தார். சின்னண்ணன் என்று பேர். "நீங்க சொல்றது ரொம்பச் சரிங்க! ரயிலுக்குன்னு தனி லைனு இழுத்துத்தானே ஆகோணும்? அந்தச் சாக்குலயாவது நம்ம கெணத்து மோட்டாருக்கு கரண்டு வருமுங்க! போடுங்க ரயில!"

இப்போது ஆண்கள் பக்கமும் கைத்தட்டல். விசில்கூட வந்தது.

நாச்சிமுத்து முதலாளியைப் பார்த்தார். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதற்குமேல் தாங்காது என்று முடிவு செய்து, முதலாளிக்காகவே ஒன்றைச் சொன்னார்.

"வரிங்க, வரி! யாரு கட்டறது? காடு இருக்கறவங்க கட்டோணும், தறி இருக்கறவங்க கட்டோணும். எல்லாத்துக்கும் மேல, பன்னெண்டு லாரி வெச்சிருக்கறவங்க பன்னெண்டு மடங்கு கட்டோணும்! அவங்க நெலமைய நெனச்சுப் பாருங்க!"

கூட்டம் அந்த நிலைமையை நினைத்துப் பார்த்தது. "கட்டட்டும்! கட்டட்டும்!" என்று எட்டுத் திசையிலிருந்தும் சத்தம். நாமக்கல் முதலாளிகள் எழுந்து போகப் பார்த்தார்கள். வெங்கடாசலம் அவர்கள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நாச்சிமுத்து நாற்காலிக்குத் திரும்பினார். மணியன் அவர் காதில், "அண்ணா, இப்படியா ஜெயிப்பீங்க? கவலப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மணியனின் திட்டம் வேறு. சொன்னதையெல்லாம் கேட்டுச் சிரிப்பே வர வேண்டும். ரயில் வேண்டாம் என்பவன் முட்டாள் என்று எல்லாரும் நினைக்க வேண்டும்.

"ரயிலு வேண்டாமுங்க. ஏன் வேண்டாம்? ரயிலு வந்தா நேரத்துக்குப் போயிரலாம். நேரத்துக்குப் போயி நாம என்னங்க பண்ணப் போறோம்?"

"அது நெசந்தானே!" என்று யாரோ பெருமூச்சு விட்டார். நாலைந்து பேர் கை தட்டினார்கள். மணியன் பயந்துபோனார். இன்னும் மோசமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அது மட்டுமில்லீங்க. ரயிலு வந்தா நம்ம ஊட்டுப் பொண்ணுங்க பூரா காலேஜுக்குப் போயிருவாங்க! படிச்சுப்போட்டு நம்மளயே கேள்வி கேப்பாங்க! பொண்ணு படிக்கறதுக்கு ஊரு எதுக்குங்க வரி கட்டோணும்?"

இதற்கு எல்லாரும் காறித் துப்புவார்கள் என்று மணியன் எதிர்பார்த்தார். ஆனால் பின்வரிசையிலிருந்து இரண்டு பெரிய மனிதர்கள், "அதானே! கட்டிக் குடுக்கற புள்ளைக்கு எதுக்கு ரயிலு?" என்று சத்தமாகக் கை தட்டிவிட்டார்கள்.

நாச்சிமுத்து மேடையிலிருந்து பார்த்தார். பெண்கள் பக்கத்தில் முத்தாயம்மாள் அருகில் சாரதாமணி உட்கார்ந்திருந்தாள். அவள் தலை குனிந்துவிட்டது.

அதற்குமேல் தோற்க வேண்டும் என்பதே நாச்சிமுத்துவுக்கு மறந்துபோயிற்று. எழுந்து மணியன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"யாருப்பா அது, கட்டிக் குடுக்கற புள்ளைக்கு எதுக்குன்னது? எந்திரிச்சு நில்லுங்க பாக்கலாம்!"

யாரும் எழுந்திருக்கவில்லை.

"போன வாரம் என்ற பொண்ணக் கூட்டிக்கிட்டு காலேஜுச் சீட்டு வாங்கப் போனேன். போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம். ராசிபுரத்துல பஸ்ஸு மாறி, ஒத்தக் காலுல நின்னுக்கிட்டுப் போனோம். திரும்பி வாரப்ப அவ சொல்றா, 'அப்பா, தெனமும் இப்படின்னா எனக்குப் படிப்பே வேண்டாம்ப்பா'ன்னு. மார்க்கு எடுத்தது அவ. சீட்டு வாங்குனது அவ. நடுவுல இருக்கற முப்பது மைலுதானுங்க அவளுக்கு இல்ல!"

எட்டுக் குழாயும் அதை வாங்கி அடுத்த ஊருக்குக் கொடுத்தன.

"ஊரு எதுக்கு வரி கட்டோணும்னு கேட்டான் மணியன். ஊருதானுங்க கட்டோணும்! புள்ளயில்லாதவரு பள்ளிக்கூடத்துக்கு வரி கட்டறாரு. நோவு நொடி இல்லாதவரு ஆஸ்பத்திரிக்குக் கட்டறாரு. மெட்ராசுல ரோடு போடறதுக்கு நாம கட்டறோம், அந்த ரோட்டுல நாம ஒரு நாளு நடந்திருப்பமா? நாம போகாத ரோட்டுக்கெல்லாம் கட்டுனமே, நம்ம புள்ளைங்க போற ரயிலுக்கு ஒருக்காக் கட்டுனா என்ன கொறஞ்சு போயிரும்? சொல்லுங்க!"

பிறகு வந்த கைத்தட்டலில் குழாய் கட்டிய மூங்கில் ஆடியது. மணியனே எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார். எதிர்க்கட்சிப் பேச்சாளர் தட்டக் கூடாது என்று நடுவர் அவரை அதட்ட வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் தீர்ப்பு எதற்கு? ஹெட்மாஸ்டர் "ரயில் வேண்டும்!" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தீர்மான நோட்டு மேடைக்கு வந்தது. வரிசை கட்டிக் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். சற்று முன் கை தட்டிய அந்த இரண்டு பெரிய மனிதர்களும் வரிசையில் நின்றார்கள்.

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது.

முதலாளி எழுந்து நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. அவர் கை தட்டவில்லை. பக்கத்திலிருந்த நாமக்கல்காரர்கள், "உங்க ஆளேதானுங்க இத்தனையும் பண்ணிப்போட்டான்" என்று சொல்வது மேடை வரைக்கும் கேட்டது.

வெங்கடாசலம் நாச்சிமுத்துவைப் பார்த்து ஒரே வரிதான் சொன்னார். "காலைல ஆபீசுக்கு வா." விறுவிறு என்று போய்விட்டார்.

வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முத்தாயம்மாள் திட்டவும் இல்லை. கடைசியில், "நீங்க பேசுனது சரிதானுங்க. ஆனா வேற எங்காச்சும் வேல செய்யறப்பப் பேசியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

சாரதாமணி காலேஜ் கார்டை எடுத்து மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். "பரவால்லப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நாச்சிமுத்து எழுந்து போய் ஒரு தாள் எடுத்து வந்தார். முதலாளி வெளியே போ என்று சொல்வதற்குள் நாமே போய்விட்டோம் என்று இருக்கட்டும் என்று, "உடல்நிலை காரணமாக" என ஆரம்பித்து ராஜினாமா எழுதினார்.

காலையில் போனால் ஆபீஸ் பூட்டியிருந்தது. கூட்டிப் பெருக்கும் ஆத்தாயி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து படியில் கால் வைக்காமல் கீழேயே நின்றார்.

"வாங்க சாமி. நேத்து நெம்ப நல்லாப் பேசினீங்க. எங்க ஊடு வரைக்கும் கேட்டுச்சு. எங்க மருமவ அழுதுபோட்டா."

"அத உடு ஆத்தாயி. முதலாளி எங்க?"

"அவரு விடிகாலமே காரெடுத்துக்கிட்டு சேலம் போயிட்டாருங்க. உங்ககிட்டக் குடுக்கச் சொல்லி இதக் குடுத்தாரு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவிக்கொத்தை நீட்டினாள். நாச்சிமுத்து அதை வாங்கவில்லை. "கடைசியாப் பூட்டிக் குடுத்துட்டுப் போகோணுமாக்கும்?"

"இது இந்த ஆபீசுச் சாவி இல்லீங்க சாமி. செவ்வாப்பேட்டை ஆபீசுச் சாவி. திங்கக்கெழமையில இருந்து நீங்கதான் அங்க மேனேஜராமா."

நாச்சிமுத்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்த ராஜினாமாக் கடிதம் கசங்கியது.

"என்ன ஆத்தாயி சொல்ற? ரயிலு வேணும்னவன் படி ஏறப்படாதுன்னாரே மனுசன்?"

"அந்த நாமக்கல்லு லாரிக்காரங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் ஒட்டி உக்காந்திருந்தா, வேற எப்படிங்க பேசுவாரு? நேத்துக் கூட்டம் முடிஞ்சதும் நேரா இங்க வந்து சேலத்துக்குப் போனுல டிரங்க்கால் போட்டாருங்க. லைனு சரியாக் கெடைக்கல போல. அவரு கத்துன கத்து தெருவுக்கே கேட்டுச்சு."

"கோவமாவா கத்துனாரு?"

ஆத்தாயி வாளியைக் கீழே வைத்தாள்.

"சந்தோசமாத்தானுங்க! 'ஊரே கையெழுத்துப் போட்டிருச்சு, ரயிலு வந்து சேரப் பத்து வருசமாகும், அது வரைக்கும் சல்லிக்கல்லும் கட்டையும் தண்டவாளமும் லாரியிலதான போகோணும், அந்தக் காண்ட்ராக்டு எனக்குத்தான்'னு கத்துனாருங்க சாமி."

இதைப் படித்த நீங்கள் சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு இப்படியொரு ரயிலும், அதற்கு வரி கட்டச் சம்மதமா என்று ஒரு கையெழுத்து நோட்டும் வந்தால், போடுவீர்களா, மாட்டீர்களா? என்ன காரணம் என்பதையும் சேர்த்து எனக்கு ஒரு வரி பதில் எழுதுங்கள்.